நெட் போச்சா? ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி லாக்கைப் பாருங்க!

"சார், ஒருவாட்டி பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு மனப்பாடமான வசனம் இது. பல நேரம் இது வேலையும் செய்யும். நெட் திரும்பி வந்ததும் புகார் முடிக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வரும். மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் நெட் போகும். மறுபடியும் அதே வசனம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஆஃப் பண்ணி ஆன் செய்யும் அந்தச் சில நொடிகளில், நெட் ஏன் போனது என்று சொல்லக்கூடிய சாட்சி பல பாக்ஸ்களில் அழிந்துபோகிறது. அந்தச் சாட்சியின் பெயர்தான் 'லாக்'.

சினிமா பார்க்க மட்டும் நெட் என்றிருந்த காலத்தில் இது பெரிய விஷயமில்லை. இன்று தென் சென்னைப் புறநகரில் வாரத்தில் சில நாட்களாவது வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஆபீஸ் ஓஎம்ஆரிலோ மெப்ஸிலோ இருக்கலாம். லாகின் நேரம் ஓடுவது வீட்டு வைஃபையில்தான். கிளையன்ட் கால் நடுவில் அறுந்தால் கெட்ட பெயர். இரண்டு மணி நேரம் நெட் இல்லாவிட்டால் அரை நாள் லீவு. ஆன்லைன் தேர்வு எழுதும் மாணவருக்கு அது ஒரு வருடமாகக்கூட ஆகலாம். இவ்வளவு நடந்தும், "யார் பக்கம் கோளாறு?" என்ற கேள்விக்கு வீட்டில் இருப்பவரிடம் பதில் இருப்பதில்லை. ஆனால் பதில் பெரும்பாலும் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வெள்ளை டப்பாவுக்குள்ளேயே எழுதியிருக்கும்.

லாக் என்றால் என்ன?

ரவுட்டர் தன் டைரியில் எழுதிக்கொள்ளும் குறிப்புகள்தான் லாக். எந்த நேரத்தில் லைன் வந்தது, எப்போது போனது, எந்த போன் வைஃபையில் சேர்ந்தது, யார் செட்டிங்ஸுக்குள் நுழைந்தார்கள் என ஒவ்வொன்றும் ஒரு வரி. 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர், தான் எழுதிய சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக 'சிஸ்லாக்' என்ற முறையை உருவாக்கினார். இன்று ரவுட்டர் முதல் பெரிய சர்வர் வரை அந்த முறைதான்.

சிஸ்லாக்கில் ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை ஒரு தீவிர அளவு உண்டு. 0 என்றால் 'எமர்ஜென்சி', சாதனமே பயன்படுத்த முடியாத நிலை. 3 என்றால் 'எரர்', 4 'வார்னிங்', 5 'நோட்டீஸ்', 6 'இன்ஃபோ', 7 'டீபக்'. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். லாக்கைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை 5, 6 வகை. அதாவது "இது நடந்தது, தெரிஞ்சுக்கோ" என்பதோடு சரி.

இடம் குறைவு என்பதால் பழைய வரிகளை அழித்துவிட்டுத்தான் புதிய வரிகளை பாக்ஸ் எழுதும். பல மாடல்களில் கரண்ட் போனாலே மொத்த லாக்கும் காலி. அதனால்தான் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட் முக்கியம்.

1970-ல் யார் நெட் பார்த்தார்கள்?

லாக்கில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். சில வரிகளில் '1970 ஜனவரி 1' என்று தேதி இருக்கும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் உலகில் காலக் கணக்கு தொடங்கும் நாள் அது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் அது 1970-ல் இருந்து எண்ண ஆரம்பிக்கும். நெட் கிடைத்த பிறகு நேர சர்வரிடம் கேட்டு இன்றைய தேதிக்குத் தாவும்.

எனவே 1970 என்று ஒரு வரி இருந்தால், அதற்குச் சற்று முன் பாக்ஸ் ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். யாரும் கை வைக்காமலேயே ஒரே நாளில் நாலைந்து முறை 1970 எட்டிப் பார்த்தால், சந்தேகப்பட வேண்டியது லைனை அல்ல. அடாப்டர், பிளக் பாயின்ட் அல்லது வோல்டேஜ். பல பாக்ஸ்களுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான். அது பழசாகி வலுவிழந்தால் பாக்ஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய் அடாப்டர் பிரச்சினைக்கு, பல ஆயிரம் கொடுத்துப் புது ரவுட்டர் வாங்கும் வீடுகளும் உண்டு.

இன்னொரு குழப்பம்: சில ரவுட்டர்கள் இந்திய நேரத்தைக் காட்டாது, உலகப் பொது நேரத்தைக் காட்டும். அப்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிப் படிக்க வேண்டும். லாக்கில் 'காலை 5.00' என்றிருந்தால் தாம்பரத்தில் அது காலை 10.30.

சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

பாக்ஸில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால், ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று பொருள். 'லாஸ் ஆஃப் சிக்னல்' என்பதன் சுருக்கம் இது. லாக்கிலும் இதே பெயரில் பதிவாகும். இப்படி வந்தால் ரீஸ்டார்ட்டால் எந்தப் பயனும் இல்லை. எங்கேயோ ஃபைபர் அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது.

புறநகரில் இதற்குக் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மின்கம்பத்திலும் மரத்திலும் தொங்கவிடப்பட்ட கேபிள், உயரமான லாரி, மழைக்கு முறியும் கிளை, பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டும் ஜேசிபி. தோண்டுவதற்கு முன் கீழே யாருடைய கேபிள் போகிறது என்று கேட்டறிய 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் அறிமுகப்படுத்தியது. தெருவில் ஜேசிபி ஓட்டுபவரின் கை வரை அது வந்து சேர்ந்தால்தான் பலன்.

முழுசாக அறுபடாமல், ஒளி மட்டும் பலவீனமாக வருவது இன்னும் தொல்லை பிடித்த கோளாறு. விளக்கு பச்சையாகவே இருக்கும். ஆனால் வீடியோ கால் உறையும், மழை வந்தால் நெட் விட்டு விட்டு வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எண் உதவும். பாக்ஸின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' அல்லது 'ஆப்டிகல் பவர்' என்ற இடத்தில், மைனஸ் குறியோடு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். வீடுகளில் பரவலாக இருக்கும் ஜிபான் பாக்ஸ்களுக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை ஏற்கத்தக்க அளவு. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு தள்ளாட ஆரம்பிக்கும்.

இந்த அளவின் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். போன மாதம் மைனஸ் 20 இருந்தது இப்போது மைனஸ் 26 என்றால், "ஆறுதானே குறைஞ்சிருக்கு" என்று விட முடியாது. வந்துகொண்டிருந்த ஒளியில் கால்வாசிதான் வருகிறது. சில நேரம் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். சோபாவை நகர்த்தும்போது மஞ்சள் கேபிள் கூர்மையாக மடங்கினாலே ஒளி கசிந்துவிடும். நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இந்த எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், பிரச்சினை வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரவுட்டரின் கடைசி மூச்சு

லாக் உலகில் 'டையிங் காஸ்ப்' என்று ஒரு செய்தி உண்டு. கடைசி மூச்சு என்று பொருள். கரண்ட் போனதும் ஃபைபர் பாக்ஸ் உடனே சாவதில்லை. உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தைக் கொண்டு, "எனக்கு கரண்ட் போச்சு" என்று நிறுவனத்தின் கருவிக்கு ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும்.

இதன் பயன் பெரிது. கடைசி மூச்சுச் செய்தியோடு இணைப்பு போனால், வீட்டில் கரண்ட் இல்லை. அந்தச் செய்தி இல்லாமல் திடீரென்று போனால், பெரும்பாலும் வழியில் ஃபைபர் அறுந்திருக்கிறது. ஆக, வீட்டுக்கு ஆளே அனுப்பாமல் நிறுவனத்தால் இந்த இரண்டையும் பெருமளவு பிரித்துச் சொல்ல முடியும்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எனப் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. பல இடங்களில் நாட்கணக்கில் வரவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் "கரண்ட் வந்தா நெட் வந்துடுமா, இல்ல லைனே போயிடுச்சா?" என்பது குடும்பங்களின் உண்மையான கேள்வி. உறவினர் வீட்டுக்குப் போவதா, லேப்டாப்போடு வேறு ஊருக்குக் கிளம்புவதா என்ற முடிவு அதில்தான் இருக்கிறது.

லைன் இருக்கு, நெட் இல்லை

ஒளி அளவு சரியாக இருக்கிறது. ஆனாலும் நெட் இல்லை. அப்போது லாக்கில் 'பிபிபிஓஇ' என்ற எழுத்துகளைத் தேடலாம். பல நிறுவனங்களின் இணைப்பில், ரவுட்டர் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழையும் முறை அது. இங்கே மூன்று வகைச் செய்திகள் முக்கியம்.

முதலாவது, 'பாடி டைம்அவுட்' அல்லது 'நோ பாடோ'. ரவுட்டர் "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிடுகிறது, எதிர்முனையில் பதிலே இல்லை. ஒளி நன்றாக இருந்தும் இது வந்தால், கோளாறு பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம்.

இரண்டாவது, 'ஆதன்டிகேஷன் ஃபெயில்டு'. எதிர்முனை பதில் சொல்கிறது, ஆனால் "உன்னை உள்ளே விட முடியாது" என்கிறது. பிளான் முடிந்திருக்கலாம், பணம் கட்டியது பதிவாகாமல் இருக்கலாம், பாக்ஸை ரீசெட் செய்ததில் பாஸ்வேர்டு அழிந்திருக்கலாம். பாக்ஸின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் குச்சியை விட்டு ரீசெட் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு.

மூன்றாவது, 'எல்சிபி எக்கோ டைம்அவுட்'. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த எதிர்முனை திடீரென்று மௌனமாகிவிட்டது. தினமும் இரவு 8 மணிக்கு மேல் இது வரிசையாக வந்தால், லைனிலோ நிறுவனத்தின் பக்கமோ ஏதோ தொடர்ந்து நடக்கிறது. அந்த நேரங்களின் பட்டியல்தான் புகாரின் உயிர்.

இவை எதுவும் லாக்கில் இல்லை, ஆனாலும் நெட் மெதுவாக இருக்கிறது என்றால், கண்ணை வைஃபை பக்கம் திருப்பலாம். கேபிள் போட்ட லேப்டாப்பில் நெட் நன்றாக ஓடி, போனில் மட்டும் இழுத்தால், லைன்மேனைக் கூப்பிட வேண்டியதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் திடீரென மறைந்து திரும்ப வந்தால், லாக்கில் 'ரேடார் டிடெக்டட்' என்று இருக்கிறதா எனப் பார்க்கலாம். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் சிக்னல் போல ஏதாவது கேட்டால், இந்த வசதி உள்ள ரவுட்டர் ஒதுங்கி வழிவிடும். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருப்பதால் உண்மையான ரேடாராகவும் இருக்கலாம். ரவுட்டரே தப்பாகப் புரிந்துகொண்டதாகவும் இருக்கலாம். சேனலை 36 முதல் 48-க்குள் மாற்றினால் இந்தத் தொல்லை இருக்காது.

'அட்டாக்' என்றதும் அலற வேண்டாம்

லாக்கைத் திறப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது 'போர்ட் ஸ்கேன்', 'டாஸ் அட்டாக்' போன்ற சொற்கள். இணையத்தில் இருக்கும் முகவரிகளையெல்லாம் தானியங்கி மென்பொருள்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. பூட்டிய கதவை ஒருவர் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார், கதவு திறக்கவில்லை என்பதே பெரும்பாலும் அந்த வரியின் அர்த்தம்.

'தெரியாத சாதனம்' என்ற வரியும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபையில் தங்கள் உண்மையான சாதன முகவரியை மறைத்து, வேறொரு முகவரியைக் காட்டுகின்றன. பக்கத்து வீட்டுப் பையன் வைஃபை திருடுகிறான் என்று சண்டைக்குப் போவதற்கு முன், வீட்டில் இருக்கும் போன், டிவி, சிசிடிவி எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

உண்மையில் கவலைப்பட வேண்டிய வரிகள் சில உண்டு. வெளி இணையத்திலிருந்து அட்மின் லாகின் 'சக்ஸஸ்' ஆனது, யாரும் தொடாத நேரத்தில் செட்டிங்ஸ் மாறியது, டிஎன்எஸ் முகவரி தானாக மாறியிருப்பது. 2016-ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் உலகம் முழுக்க ரவுட்டர்களையும் கேமராக்களையும் பிடித்தது. அது பயன்படுத்தியது 60-க்கும் மேற்பட்ட டீஃபால்ட் யூசர்நேம், பாஸ்வேர்டுகளின் பட்டியலைத்தான். 'அட்மின், அட்மின்' என்று விட்டு வைத்தவர்களின் கருவிகள் சிக்கின. அந்தக் கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் டின் என்ற டிஎன்எஸ் நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்காமல் போயின.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். "உங்க ரவுட்டர் ஹேக் ஆயிடுச்சு மேடம், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று போன் வந்தால், கட் செய்வதுதான் சரியான பதில். போனின் திரையை அவர்கள் கையில் கொடுக்கும் செயலிகள் அவை. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது?

பாக்ஸின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168 என்று தொடங்கும் முகவரியும் லாகின் விவரமும் இருக்கும். வைஃபையில் இருந்தபடி அந்த முகவரியை பிரவுசரில் அடித்தால் உள்ளே போகலாம். நெட் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் திறக்கும். 'ஸ்டேட்டஸ்', 'சிஸ்டம் லாக்', 'டயக்னாஸ்டிக்ஸ்' என்ற மெனுக்களில் தேடலாம். நெட் போனதும் செய்ய வேண்டியது நான்கு: விளக்குகளை போட்டோ எடுப்பது, ஒளி அளவைக் குறிப்பது, லாக்கின் கடைசிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, அதன் பிறகு ரீஸ்டார்ட் செய்வது. மொத்தமே இரண்டு நிமிடம்.

ஸ்கிரீன்ஷாட்டை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன் யூசர்நேம், வைஃபை பாஸ்வேர்டு, சீரியல் நம்பர் ஆகியவற்றை மறைத்துவிட வேண்டும்.

பார்க்கவே விடாவிட்டால்?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பல இணைப்புகளில் அட்மின் பாஸ்வேர்டு நிறுவனத்திடமே இருக்கும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் லாகினில் வைஃபை பெயர் மாற்றலாம். லாக் பக்கமே இருக்காது. தெரியாமல் செட்டிங்ஸை மாற்றிவிட்டு, பிறகு கஸ்டமர் கேரைத் திட்டுவார்கள் என்ற நிறுவனங்களின் பயம் புரிந்துகொள்ளக்கூடியதே. மாற்ற விடாமல் தடுப்பது நியாயம். படிக்கக்கூட விடாமல் தடுப்பதில் என்ன நியாயம்?

வாசலில் இருக்கும் ஈபி மீட்டரை யோசித்துப் பார்க்கலாம். அதைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஆனால் ரீடிங் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; கணக்கெடுப்பவர் அட்டையில் எழுதுவதை வீட்டுக்காரர் சரிபார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் இணையத்துக்கு மட்டும் அந்தக் கண்ணாடி ஜன்னல் ஏன் இல்லை?

நிறுவனங்களிடம் தகவல் இல்லாமல் இல்லை. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, சேவை நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். கடிகாரங்களையும் அரசு நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும். சைபர் பாதுகாப்புக்காக வந்த உத்தரவு அது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: ஒரு பக்கம் ஆறு மாத லாக், மறுபக்கம் ரீஸ்டார்ட் செய்தால் காலியாகும் டப்பா. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் "கோளாறு உங்க பக்கம்தான் சார்" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் எதை வைத்து மறுப்பார்?

அதனால் நிறுவனங்கள் செய்ய வேண்டியவை மூன்று. லாக்கையும் ஒளி அளவையும் படிக்க மட்டும் அனுமதிக்கும் பக்கத்தை எல்லா வாடிக்கையாளருக்கும் திறந்துவிட வேண்டும். "உங்கள் வீட்டுக்கு வரும் ஒளி குறைந்துள்ளது", "உங்கள் தெருவில் ஃபைபர் அறுந்துள்ளது" என்று செயலியில் தமிழில் சொல்ல வேண்டும். புகாரை முடிக்கும்போது, என்ன கோளாறு, எந்தப் பக்கம், என்ன சரி செய்யப்பட்டது என்ற மூன்று விவரங்களையும் எஸ்எம்எஸ்ஸில் எழுத வேண்டும். வெறும் 'ரிசால்வ்டு' போதாது. நிறுவனங்கள் தாமாகச் செய்யாவிட்டால், டிராய் இதை விதியாக்க வேண்டும்.

அதுவரை இருக்கும் வழியைப் பயன்படுத்தலாம். டிராயின் 2012-ம் ஆண்டு புகார் தீர்வு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தர வேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்; 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்தது. இந்தப் படிகள் எல்லாவற்றிலும் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஆதாரம் இருக்கா?"

"ரெண்டு நாளா நெட் சரியில்ல சார்" என்பது புலம்பல். "செவ்வாய் இரவு 8.12, 8.40, 9.05 மணிக்கு இணைப்பு அறுந்தது, ஒளி அளவு மைனஸ் 28, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்" என்பது புகார். பின்னதை மூடிவைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.